இதமான பாடல்களின் அடியில்

தமிழில் ‘மெலடி’ என்ற சொல் மெட்டைக் குறிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. இன்றைக்கு அது ஒரு ரகத்தின் பெயர். வேகம் குறைவாக, கிட்டாரோ புல்லாங்குழலோ முன்னால் நிற்க, இரவு பத்து மணிக்கு மேல் கேட்கத் தோதாக இருக்கிற, முப்பது நாற்பது வருடப் பழைய பாட்டு என்றால் அது மெலடி. தனியார் பண்பலை வானொலிகள் வந்தபோது இரவுகளை இதற்கென்றே எழுதி வைத்தன. இப்போது யூடியூபில் தேடினால், எண்பதுகளின் இதமான பாடல்கள் என்கிற மாதிரித் தலைப்புகளில் மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ‘கேட்டா மனசுக்கு இதமா இருக்கும்’ என்பதுதான் அவற்றுக்கு நாம் கொடுக்கும் ஒரே சான்றிதழ். அது போதும் என்றும் நினைக்கிறோம்.

எழுபதுகளில் அமெரிக்க வானொலிகள் ‘சாஃப்ட் ராக்’ என்ற ரகத்தை வளர்த்தெடுத்ததும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். ராக் இசையின் கருவிகளை வைத்துக்கொண்டு அதன் இரைச்சலையும் கோபத்தையும் எடுத்துவிட்டார்கள். டிரம்ஸ் பின்னால் போனது, அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவும் முன்னால் வந்தன. அலுவலகத்திலோ காரிலோ யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடக்கூடிய பாட்டு. கார்பென்டர்ஸ் குழுவின் புகழ்பெற்ற ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ 1970-ல் இசைத்தட்டாக வருவதற்கு முன், கலிஃபோர்னியாவின் ஒரு வங்கி விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. நம்பிக்கை தரும் பாட்டு வேண்டும் என்று வங்கி கேட்டது, கிடைத்தது. ஆனால் அதைப் பாடிய கேரன் கார்பென்டரின் அடித்தொண்டைக் குரலில் வங்கி கேட்காத ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாட்டு இன்றைக்கும் உயிரோடு இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எதை எடுத்துவிட்டால் ஒரு பாட்டு இதமாகிறது? எடுத்துவிட்டதாக நாம் நினைப்பது உண்மையிலேயே போய்விடுகிறதா? இந்தக் கட்டுரைக்கு இந்த இரண்டு கேள்விகள்தான்.

*

தமிழ் மெலடித் தொகுப்பு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பாடல்கள் அநேகமாக அதில் இருக்கும்.

முதலாவது, ‘மூடுபனி’யில் யேசுதாஸ் பாடும் கிட்டார் பாட்டு, அந்தப் பொன் நிலா. 1980-ல் வந்த பாலு மகேந்திராவின் படம். இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் கையில் கிட்டாருடன் அமர்ந்திருக்கும் அந்த ஒரு படம் மட்டும் எத்தனையோ தொகுப்புகளுக்கு முகப்பாக இருக்கிறது. படத்தில் அவன் யார்? பெண்களைக் கொல்கிறவன். எதிரே இருக்கும் ஷோபா அவன் கடத்திக்கொண்டு வந்த பெண். ஊட்டிக் குளிரில், தப்பிக்க வழியில்லாத ஒரு வீட்டில், கடத்தியவன் கடத்தப்பட்டவளுக்குப் பாடிக் காட்டும் பாட்டைத்தான் நாம் தூங்கப் போகுமுன் கேட்கிறோம்.

இரண்டாவது, ‘இளைய நிலா’. 1982, ‘பயணங்கள் முடிவதில்லை’. எஸ்.பி.பி. பாடி, வைரமுத்து எழுதியது. நாயகன் மோகன் ஒரு பாடகன், அவனுக்குப் புற்றுநோய். படம் முடியும்போது அவன் இருப்பதில்லை.

மூன்றாவது, ‘மௌன ராகம்’ படத்தில் எஸ்.பி.பி. பாடும் ‘மன்றம் வந்த’ பாட்டு. 1986. தாலி கட்டிய சூட்டோடு விவாகரத்துக் கேட்ட மனைவியும், கேட்டதைக் கொடுக்க ஒப்புக்கொண்ட கணவனும் டெல்லியில் ஒரே வீட்டில் அந்நியர்களாக இருக்கும் நாட்களின் பாட்டு.

ஒரு கொலைகாரன், ஒரு நோயாளி, வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு கணவன். நம்முடைய இதத்தின் மூன்று தூண்கள் இவை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ‘பாட்டு வேற, படம் வேற.’ இது சால்ஜாப்பு இல்லை. தமிழில் திரைப்பாட்டு படத்தைவிட்டுப் பிரிந்து வாழ்ந்தே பழகியது. படம் பார்க்காதவர்களுக்கும் பாட்டு போய்ச்சேர்ந்தது. திருச்சி, புதுச்சேரி வானொலிகள், இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, டீக்கடை, பேருந்து என்று அதற்கு ஆயிரம் வாசல்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் எஸ்.ஜானகி பாடிய ‘புத்தம் புது காலை’ அந்தப் படத்தில் இடம்பெறவே இல்லை. இருந்தும் 1981-லிருந்து இன்றுவரை அந்தப் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கேட்கிற ஒவ்வொருவரும் தனக்கான ஒரு விடியற்காலையை அதற்குப் படமாக்கிக் கொண்டார்கள். ஆகவே படத்தில் வரும் காட்சிதான் பாட்டின் உண்மையான அர்த்தம், மற்றதெல்லாம் பிழையான கேட்பு என்று நான் வாதாடவில்லை.

என் வாதம் வேறு. படத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டாலும் அந்தக் கலக்கம் உள்ளே இருக்கிறது. இதம் என்று பெயர் வைத்ததால்தான் அது நமக்குக் கேட்காமல் போகிறது.

*

‘இளைய நிலா’வின் தொடக்கத்தைக் கவனியுங்கள். பொறியியல் கல்லூரி விடுதிகளில் கிட்டார் வாங்கிய ஒவ்வொரு பையனும் முதலில் முயன்று விரலைப் புண்ணாக்கிக்கொள்வது அந்த இடத்தில்தான். வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். தந்திகளைத் தனித்தனியாக மீட்டிக்கொண்டே போகும் அந்த வாசிப்பு ஓர் இடத்திலும் உட்காருவதில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. மைனர் ஸ்கேலில் அமைந்த மெட்டு. மேற்கத்திய இசையில் மைனர் என்றால் துக்கம் என்பது குழந்தைப் பாடம், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இருந்தாலும் இந்தப் பாட்டில் கிட்டார் முன்னே ஓடுகிறது, குரல் மெதுவாக, அவசரமில்லாமல் பின்னே வருகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பிரிவு இருக்கிறது. ‘நேரம் போய்க்கொண்டிருக்கிறது’ என்று கிட்டாரும், ‘போகட்டும், இருக்கிறவரை பாடுவோம்’ என்று குரலும் சொல்வதாக எனக்குக் கேட்கும். நாயகனின் நோயைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் கேட்டாலும் இது கேட்கும்.

எஸ்.பி.பி.யின் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். 2020 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு அஞ்சலி எழுதிய பலரும் அந்தச் சிரிப்பைக் குறிப்பிட்டார்கள். சாகப்போகும் ஒருவனின் பாட்டை அந்தச் சிரிப்போடு பாடியதில்தான் இந்தப் பாட்டின் பலம் இருக்கிறது. அழுதுகொண்டு பாடியிருந்தால் அது ‘சோகப் பாட்டு’ என்ற இன்னொரு பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும்.

இளையராஜா கிட்டாரை முறையாகப் படித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்வை எழுதித் தேறியவர். அதனால் அவரிடம் கிட்டார் ‘மாடர்ன்’ என்று காட்டிக்கொள்வதற்கான அலங்காரமாக நிற்கவில்லை. நாயகன் சொல்லாததைச் சொல்லும் இரண்டாவது குரலாக ஆகிறது. பேஸ் கிட்டாரும் அப்படித்தான். பாடகர் ஒன்று சொல்லும்போது பேஸ் அடியில் வேறு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போகும். மலிவான ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் காணாமல் போகும், இதம் மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ‘மூடுபனி’ப் பாட்டில் கிட்டாரின் தனிமை அச்சமூட்டுகிறது. யாரும் இல்லாத இடத்தில் ஒருவன் தன் அழகில் தானே மயங்கிப் பாடுவதாக இருக்கும் அது.

‘மன்றம் வந்த’ பாட்டோ கெஞ்சாத பாட்டு. மனைவியிடம் மறுக்கப்பட்டவன் பாடுகிறான், ஆனால் மெட்டில் இறைஞ்சல் இல்லை. ஒரு கண்ணியமான தூரம் இருக்கிறது. வாலியின் சொற்கள் கேள்வி கேட்கின்றன, இசை பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் நாம் இதம் என்று அனுபவிக்கிறோம்.

ஆக, இந்தப் பாடல்கள் சங்கடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இனிமையானவை ஆகவில்லை. சங்கடத்தை உள்ளே வைத்து, அதன் மேல் அமைதியாக உட்காரக் கற்றுக்கொண்டவை. அதை எடுத்துவிடும் வேலையைச் செய்வது பாட்டைத் தொகுத்த பட்டியல்.

*

பட்டியல் இன்று பிறந்ததில்லை. எங்கள் ஊரில் அது ரெக்கார்டிங் சென்டரில் பிறந்தது.

என் ஊர் நெய்வேலி. நகரியத்தின் கடைத்தெருவிலும் பக்கத்து மந்தாரக்குப்பத்திலும் எண்பதுகள், தொண்ணூறுகளில் கேசட்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் இருந்தன. ஒரு தாளில் வேண்டிய பாடல்களை எழுதிக் கொடுத்தால் நாலு நாளில் கேசட் தயார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டு. என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள் வகையைச் சொன்னால் போதும்: சோகம், தத்துவம், பக்தி, டூயட், மெலடி. கடைக்காரரே போட்டுத் தந்துவிடுவார். அப்பாவின் அட்டைப்பெட்டியில் இருந்த கேசட்டுகளில் பச்சை மையில் ‘மெலடி 1’, ‘மெலடி 2’, ‘மெலடி 3’ என்று எழுதியிருந்தது. அப்பா அனல்மின் நிலையத்தில் ஷிப்டு வேலை பார்த்தவர். பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா, இந்தக் கேசட்டுல எல்லாமே தூங்குற பாட்டாவே இருக்கு?”

“நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கிப் பாரு, அப்பத் தெரியும்.”

இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரவு முழுக்கக் கொதிகலன் இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வந்தவருக்குக் காலை ஒன்பது மணி வெயிலில் தூக்கம் வர வேண்டும். அவருக்கு மெலடி ஒரு கருவி. ஜன்னலுக்குப் போடும் திரைச்சீலை மாதிரி. அவரிடம் போய் ‘இந்தப் பாட்டுப் பாடுறவன் கொலைகாரன்பா’ என்று விமர்சனம் பேசுவது அபத்தம். உழைத்துக் களைத்தவர்கள் இதமான ஒன்றைத் தேடுவதைக் கிண்டல் செய்யும் விமர்சனத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் தூங்குவதற்காக ஒருவர் செய்துகொண்ட பட்டியலை, விழித்திருக்கும் ஒரு முழுத் தலைமுறை தன் கடந்தகாலத்தின் படமாகவே எடுத்துக்கொள்ளும்போது விஷயம் மாறுகிறது. ‘அந்தக் காலம் எவ்வளவு இதமா இருந்துச்சு’ என்ற வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது.

*

நெய்வேலி நகரியமே ஒரு மெலடித் தொகுப்பு மாதிரிதான். கோடு போட்டு வரைந்த நேர்ச்சாலைகள், எண்ணிட்ட வட்டங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் மாவோ பலாவோ ஒன்று, சாலையோரமெல்லாம் நிழல். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் சைக்கிள் தூரத்தில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் சொல்வது ‘எவ்வளவு அமைதியா இருக்கு!’ என்பதைத்தான். மலையாளம், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் பக்கத்து பக்கத்து வீடுகளில் இருந்தன. எங்கள் தெருவில் ‘இளைய நிலா’வைத் தமிழர் ஒருவர் கேட்க, அடுத்த வீட்டில் அதே மெட்டை கிஷோர் குமார் குரலில் கேட்பார்கள். 1983-ல் ‘கலாகார்’ படத்துக்காக இந்திக்குப் போன மெட்டு அது. எந்த மொழிக்காரரையும் தொந்தரவு செய்யாத இசைதான் அங்கே பொது இசை.

இந்த அமைதி எப்படி உண்டாக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் முதல் நிலக்கரி வெளியே வந்தது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-ல் ஓடத் தொடங்கியது. சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் நிலம் வேண்டியிருந்தது. கிராமங்கள் இடம்பெயர்ந்தன. எண்பதுகளில் இரண்டாவது சுரங்கம் வந்தபோது மேலும் சில ஊர்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தின் தொழில்நுட்பத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கிறது. ஆர்ட்டீசியன் ஊற்று. மேலே இருக்கும் மண்ணின் எடைதான் அதை அழுத்தி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் நீர் தரையைப் பிளந்துகொண்டு எழும். ஆகவே நிலக்கரி வெட்ட வேண்டுமென்றால், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் நிறுத்தாமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த காய்ந்த, ஒழுங்கான சுரங்கத் தரை இயற்கையாக அமைந்ததில்லை. பம்புகள் ஓடுவதால் அமைந்தது. மெலடித் தொகுப்பு செய்யும் வேலையை எனக்கு விளக்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

கல்லூரி விடுமுறையில் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நகரியத்துக்கு வெளியே, இடம்பெயர்ந்தவர்களுக்காக உருவான ஒரு குடியிருப்பு. டீக்கடையில் ‘இளைய நிலா’ ஓடிக்கொண்டிருந்தது. நண்பனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தப் பாட்டு வந்த வருசம் நாங்க பழைய ஊர்லதான் இருந்தோம் தம்பி. கொட்டாய்ல படம் பாத்துட்டு ராத்திரியில பேசிக்கிட்டே நடந்து வருவோம். முந்திரிக்காட்டு வழியா.”

“அது எந்தப் பக்கம் மாமா?”

“இப்ப அது பள்ளம்.”

குறை சொல்லும் தொனி அவரிடம் இல்லை. விலாசம் சொல்கிற தொனிதான். நான் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பாட்டு எங்கள் வீட்டில் பகல் தூக்கத்துக்கான பாட்டாக இருந்தது. அவருக்கோ அது ஒரு தேதி. அந்தத் தேதியில் வீடும் பாதையும் இன்னும் இருந்தன. அவரும் அதை ரசித்துத்தான் கேட்டார். அந்த ரசிப்புக்கு ‘இதம்’ என்ற சொல் போதாது.

*

உலகத்திலேயே பெரிய ஃபீல் குட் பாடல்களில் ஒன்று போனி எம் குழுவின் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. 1978-ல் வந்து, பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்தியாவில் போனி எம் கேசட் போகாத தொழில் நகரமே இருந்திருக்காது. எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலும் சின்னப் பிள்ளைகள் பளபளப்புச் சட்டை போட்டு அதற்கு ஆடினார்கள். கைதட்டத் தோதான தாளம். ஆனால் அந்தப் பாட்டின் சொற்கள் பைபிளின் 137-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தவை. எருசலேம் அழிந்து, பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுத பாட்டு. அதை 1970-ல் முதலில் பதிவு செய்தவர்கள் ‘மெலோடியன்ஸ்’ என்ற ஜமைக்கக் குழு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி என்ற உணர்வோடு அவர்கள் அதைப் பாடினார்கள். எட்டு வருடம் கழித்து ஜெர்மனியில் ஒரு தயாரிப்பாளரின் கையில் அது உலகம் முழுக்க ஆடும் பாட்டாக மாறியது.

அந்தச் சங்கீதத்தில் ஓர் இடம் இருக்கிறது. சிறைபிடித்தவர்கள் கைதிகளிடம், ‘உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்க, சந்தோஷமா இருக்கட்டும்’ என்று கேட்கிற இடம். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கைதிகள் தவிக்கிறார்கள். நாடுகடத்தப்பட்டவனிடம் ஃபீல் குட் பாட்டு கேட்பது பற்றிய பாட்டே உலகத்தின் ஃபீல் குட் பாட்டாக ஆனது. சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட நிலத்தில், எங்கள் ஆண்டுவிழா மேடையில், அதற்குத்தான் ஆடினார்கள். போனி எம் பதிவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் குரல்களின் ஆரம்ப முனகலில் ஒரு பிரார்த்தனை இன்னமும் இருக்கிறது. நாங்கள் அதைக் கேட்பதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டோம்.

*

நான் வேலை செய்வது மென்பொருளில். அதனால் பட்டியல்கள் இன்று எப்படித் தயாராகின்றன என்பதும் என் அக்கறை. ஸ்பாட்டிஃபை பல வருடங்களாக ஒவ்வொரு பாட்டுக்கும் சில எண்களைக் கணித்து வைத்தது. அதில் ஒன்றின் பெயர் ‘வேலன்ஸ்’. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பாட்டு எவ்வளவு மகிழ்ச்சியாக ஒலிக்கிறது என்பதன் அளவு. ஒன்றை நெருங்கினால் உற்சாகம், பூஜ்யத்தை நெருங்கினால் துக்கமோ கோபமோ. ஆற்றலுக்கு ஓர் எண், ஆடத் தோதா என்பதற்கு ஓர் எண், அக்கூஸ்டிக் தன்மைக்கு ஓர் எண். இவற்றோடு, இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்ற கணக்கையும் சேர்த்தால் ஒரு மனநிலைக்கான பட்டியல் வந்துவிடும்.

பொறியாளனாக எனக்கு இதில் கோபம் இல்லை. ரெக்கார்டிங் சென்டர்காரர் செய்ததையேதான் இயந்திரம் பெரிய அளவில் செய்கிறது. ஆனால் ஒரே எண்ணுக்குள் அடைக்கும்போது ஒரு விஷயம் தப்புகிறது. ‘இளைய நிலா’ மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் நடுவே, 0.5 என்ற இடத்தில் நிற்கும் பாட்டு இல்லை. அது இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாக வைத்திருக்கும் பாட்டு. சராசரி எடுத்தால் இரண்டும் போய்விடும். ஒரு காலில் வெந்நீரும் மறு காலில் ஐஸும் இருந்தால் சராசரியாகச் சௌகரியம் என்று சொல்வதைப் போல.

ரெக்கார்டிங் சென்டரில் இதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஒருவர் ‘சோகம்’ என்று எழுதிக் கொடுத்த தாளில் இருந்த பாட்டே இன்னொருவருடைய ‘மெலடி’ தாளிலும் இருக்கும். என் அப்பாவின் ‘மெலடி 2’-ல் இருந்த ஒரு பாட்டு பக்கத்து வீட்டு அண்ணனின் ‘காதல் தோல்வி’ கேசட்டிலும் இருந்தது. அந்த முரண்பாடே ஒரு விமர்சனம். ஒரே தெருவில் இரண்டு பேர் ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. இன்று எல்லோருக்கும் ஒரே பெட்டிதான் வந்துசேர்கிறது. அதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது: நல்ல பாட்டும் சாதாரணப் பாட்டும் ஒன்றாகிவிடுகின்றன. கிட்டாரும் மெதுவான தாளமும் இருந்தாலே மெலடி என்றால், சும்மா இனிப்பாக மட்டும் இருக்கிற நூறு பாடல்களும் இந்த மூன்று பாடல்களும் ஒரே வரிசையில் நிற்கும். உள்ளே ஒன்றுமே இல்லாத இனிமைக்கும், உள்ளே எதையோ தாங்கிக்கொண்டிருக்கும் இனிமைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் ரசனை என்ற ஒன்றே தேவையில்லை.

சுத்தமான சந்தோஷம் பாட்டில் சாத்தியமில்லை என்று சொல்ல வரவில்லை. ‘புத்தம் புது காலை’ அப்படி ஒன்று. ஜானகியின் குரல் அதில் எதையும் மறைக்கவில்லை. விடிகிறது, அவ்வளவுதான். அந்த மாதிரிப் பாட்டு அபூர்வம். அபூர்வம் என்பது தெரிய வேண்டுமென்றால் மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

*

2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், பரவனாற்று வாய்க்கால் வேலைக்காக, பயிர் நின்ற நெல் வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காணொளிகள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றின. அந்த வாரம் என் கைபேசியில் ஒரு காணொளியில் பச்சை நெற்பயிர் புரண்டுகொண்டிருக்கும். விரலால் தள்ளினால் அடுத்தது நெய்வேலியின் மரம் அடர்ந்த சாலை, பின்னணியில் எண்பதுகளின் கிட்டார் பாட்டு, ‘சொர்க்கம்னா அது எங்க ஊரு’ என்ற மாதிரி ஒரு வாசகம். அதைப் போட்டவர் எங்களைப் போல நகரியத்தில் வளர்ந்த யாரோ ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவருடைய ஏக்கமும் பொய் இல்லை.

நகரியத்துப் பிள்ளைகளுக்கு ஊர் கிடையாது. அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது வருடம் தண்ணீர் ஊற்றிய மாமரம் அடுத்து வருபவருக்கு. நாங்களும் அப்படித்தான் ஒருநாள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். இப்போது நெய்வேலிக்குப் போனால் எங்கள் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம், உள்ளே போக முடியாது. எங்களோடு வந்தது பாட்டு மட்டும்தான். எங்கள் தலைமுறை இந்தப் பாடல்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் எங்கள் இழப்பையும் நண்பனின் அப்பாவுடைய இழப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எங்கள் வீடு அங்கே இருக்கிறது, நாங்கள் இல்லை. அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார், வீடு இல்லை. பணிக்கொடை வாங்கிக்கொண்டு கிளம்பியவரின் ஏக்கமும், முந்திரிக்காட்டுப் பாதையைப் பறிகொடுத்தவரின் ஞாபகமும் ஒரே மெட்டில் வந்து உட்காரும்போது, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் யாருடைய ஞாபகம் அழிகிறது என்பது தெரிந்ததுதான். அழியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பாட்டு ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. சந்திரசேகரின் விரல்கள் அந்த ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. பேஸ் இன்னமும் அடியில் முணுமுணுக்கிறது. அதைக் கேட்கிற வேலை மட்டும்தான் நமக்கு.

ஆகவே நான் யாரையும் மெலடி கேட்காதே என்று சொல்லப் போவதில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குத் தூக்கம் வேண்டும், பாட்டு ஓடட்டும். தூக்கம் தேவைப்படாத ஒரு நேரத்தில், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, முன்னாலும் பின்னாலும் வேறு பாட்டு இல்லாமல், ஒரே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடிந்தால், அந்தப் பாட்டு வந்த வருடத்தில் வேறு ஒரு இடத்தில் வாழ்ந்த யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாட்டு முடிந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்பதையும்.